முதலைகளைப் பற்றி நான் எழுதிய ஒரு வரி

போன மாதம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் முன்பு வேலை செய்த தொலைக்காட்சி நிறுவனத்தின் படக்களஞ்சியத்திலிருந்து ஒரு இளம் பெண் பேசினாள். குரலில் தேன் வடிந்தது. அறுபதுகளில் ஒளிபரப்பான விண்வெளித் தொடர்களில் சில பகுதிகள் 'தொலைந்துவிட்டனவாம்'. அவற்றை இப்போது உலகமெல்லாம் தேடுகிறார்களாம். அந்தக் காலத்தில் அங்கே வேலை செய்தவர்கள் தங்கள் நினைவுகளை எழுதித் தந்தால் உதவியாக இருக்குமாம். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் போதுமாம்.

தொலைந்துவிட்டனவா? குடை தொலையும். வீட்டுச் சாவி தொலையும். தகர டப்பாவில் அடைத்து, இலக்கம் எழுதி, இரும்புத் தட்டில் அடுக்கிப் பூட்டி வைத்த படச்சுருள் எப்படித் தொலையும்? அவை தொலையவில்லை, எறிந்தோம். அவற்றில் எத்தனையோ என் கையெழுத்தோடு போனவை. அதை ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்தில் பக்குவமாக எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. தமிழிலேயே எழுதுகிறேன். எனக்குக் கோபம் தமிழில்தான் ஒழுங்காக வரும்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அழைப்பு வந்த அதே கிழமைக்குள் சட்டனில் இருக்கிற என் தங்கை வீட்டில் அவள் பேரனுக்குப் பிறந்தநாள். சாப்பாடு முடிந்ததும் இளசுகள் பெரிய திரையில் ஒரு பழைய விண்வெளித் தொடரைப் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். பார்ப்பதற்கில்லை, சிரிப்பதற்கு. சுவர் ஆடுகிறதாம். கப்பல் அட்டைப்பெட்டியாம். பூதத்தின் முதுகில் ஸிப் தெரிகிறதாம். ஒருவன் ஒரு கையால் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு மறு கையால் கைப்பேசியில் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டான். பத்து நிமிடம்கூட ஓடவில்லை. நான் வாயைத் திறந்தேன். தங்கை என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உனக்குப் பிரஷர் இருக்கு. பிள்ளையள் சும்மா பகிடிக்குச் சொல்லுதுகள். விடு."

சும்மா பகிடிக்கு. நானும் ஒரு காலத்தில் சும்மா பகிடிக்குத்தான் எழுதினேன். அதற்குச் சம்பளமும் வாங்கினேன்.

நான் லண்டனுக்கு வந்தது எண்பத்து நாலில். என் கணவருக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை. ஹவுன்ஸ்லோவில் ஒரு வீட்டின் மேல்தளத்தில் இருந்தோம். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவளுக்கு இங்கே கிடைத்த முதல் வேலை சொக்கலேட் பெட்டி அடுக்குவது. அடுத்தது ஆஸ்பத்திரியில் துணி மடிப்பது. அதற்கு அடுத்த வருடம்தான் இந்தப் படக்களஞ்சியத்தில் பரிசோதகர் வேலை கிடைத்தது. நேர்முகத்தில் என் படிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கையை நீட்டச் சொல்லி, விரல் நடுங்குகிறதா என்று பார்த்தார்கள். ஆறு கிழமைப் பயிற்சி. அதற்குள் இருபது சுருளைக் கெடுத்து, இருநூறு சுருளை ஒழுங்காகச் சுற்றப் பழகிவிட்டேன்.

வேலை இப்படி. டப்பாவைத் திறந்ததும் முதலில் மணந்து பார்க்க வேண்டும். வினாகிரி மணம் வந்தால் பிலிம் அழுகத் தொடங்கிவிட்டது. அதைத் தனியே வைத்துவிட வேண்டும். பிறகு வெள்ளைப் பருத்திக் கையுறை. மேசையில் இடமும் வலமும் இரண்டு சுழல்தட்டு, நடுவில் ஒரு வெளிச்சப் பெட்டி. வலக்கை தட்டைச் சுற்ற, இடக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஓடுகிற பிலிமின் இரண்டு ஓரத்தையும் மெல்லப் பிடித்திருக்கும். ஓரத்துத் துளை ஒன்று கிழிந்திருந்தால் விரலில் தட்டும். ஒட்டுப்போட்ட இடமும் தட்டும். தட்டிய இடத்தில் நிறுத்தி, எண்ணி, அட்டையில் குறிக்க வேண்டும். கீறல் தெரிய வெளிச்சத்தைச் சரித்துப் பிடிக்க வேண்டும். கண் படத்தில் நிற்கக் கூடாது, ஓரத்தில் நிற்க வேண்டும். படத்தைப் பார்த்தால் கிழிசல் தவறிவிடும்.

இது எனக்கு எவ்வளவு ஊறிப்போனது என்றால், வீட்டில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசெட்டில் தமிழ்ப்படம் ஓடும்போதும் என் கண் திரையின் விளிம்புக்குத்தான் போகும். கதாநாயகி செத்துக்கொண்டிருப்பாள். நான் எத்தனை கோடு விழுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன். இவர் ஏசுவார். ஏசுகிற இவரோ பாதிப் படத்தில் குறட்டை விட்டுவிட்டு, மறுநாள் கசெட் கடையில் நின்று முழுப் படத்துக்கும் தீர்ப்புச் சொல்லுவார். அவருடைய தீர்ப்பால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. கசெட் திரும்பக் கடைக்குப் போனது, அவ்வளவுதான்.

எங்களுடைய தீர்ப்பு அப்படியல்ல. கையால் சோதித்து முடிந்ததும் சுருளைச் சின்னத் திரையுள்ள ஒரு பார்வை மேசையில் ஏற்றி, சத்தத்தோடு, சாதாரண வேகத்தில் ஒருமுறை ஓடவிட வேண்டும் என்பது விதி. பிறகு அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும்: படம் எப்படி, வைத்திருக்கத் தகுமா. அதன் பக்கத்தில் ஓர் எழுத்து. ஏ என்றால் வைத்திரு. பி என்றால் ஒரு பிரதி வைத்திரு. சி என்றால் எறி. சி போட்ட அட்டை மேலதிகாரியிடம் போகும். அவர் பெரிய பதிவேட்டைப் பார்த்து, வேறு பிரதி எங்கேயும் உண்டா என்ற கட்டத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் லொறி வரும். சுருள்களை நறுக்கி, அதிலுள்ள வெள்ளியை எடுக்கிற ஓர் இடத்துக்குக் கொண்டுபோகும்.

மேலதிகாரி பெயர் விட்லொக். ஐம்பது வயது மனிதர். முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கார்டிகன், காதில் பென்சில். என் காலத்தில் அவர் குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. என்னைச் சிவமாலா என்று கூப்பிட வாய் வராமல் மாலா என்பார். யாருடைய தேநீருக்கு எவ்வளவு பால் என்று அவருக்குத் தெரியும். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து விசாரிப்பார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். இன்றைக்கும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஏலவில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது.

பழைய படங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. உங்கள் தோளுக்கு மேலால் எட்டி அரை நிமிடம் பார்ப்பார். "அசட்டு அழுகை," என்பார். அல்லது, "இவனுக்கு நடிக்கத் தெரியாது, தாடைதான் நடிக்கிறது." எல்லோரும் சிரிப்போம். அவருக்கு நீராவி ரயில் என்றால் உயிர். ஒரு படத்தில் ரயில் புகை விட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு ஏ. ஒரே ரயில் பாதையைப் பற்றிய ஒரே படம் நாலு பிரதி எங்கள் தட்டில் இருந்தது. நாலும் ஏ. விண்வெளித் தொடர் என்றால் அவருக்கு ஆகாது. "வளர்ந்த ஆட்கள் பாத்திரம் கழுவும் திரவப் போத்தலை விண்கப்பல் என்று கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள்," என்பார். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்.

எண்பத்தேழில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கட்டடத்தின் பாதியை விற்கப் போகிறார்கள், அடுத்த வருட முடிவுக்குள் தட்டுகளைக் காலி செய்ய வேண்டும். அன்றிலிருந்து விதி மாறியது. ஒருவரும் எழுதி மாற்றவில்லை. விட்லொக் என் மேசைக்கு வந்து, பார்வை மேசையின் பிடியை ஒரு விரலால் தள்ளி, வேகத்தை இரட்டிப்பாக்கினார். அந்த வேகத்தில் சத்தம் அணில் கீச்சிடுவது போலக் கேட்கும். அதையும் திருகி நிறுத்தினார். "வாழ்க்கை சின்னது, மாலா," என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. ஒரு நாளைக்கு எட்டுச் சுருள் முடித்த நான் பதினாறு முடித்தேன்.

வெள்ளிக்கிழமைத் தேநீர் நேரம் என்று ஒன்று இருந்தது. நாங்கள் ஐந்து பரிசோதகர்கள், அவரோடு ஆறு பேர். அந்தக் கிழமை நாங்கள் அட்டையில் எழுதிய வரிகளில் பகிடியானவற்றை அவர் பொறுக்கி எடுத்து, நாடக மேடையில் நிற்பவர் போலக் குரலை மாற்றி வாசிப்பார். எது எல்லோரையும் அதிகம் சிரிக்க வைத்ததோ அதை எழுதியவருக்குப் பிஸ்கட் டின்னில் மிஞ்சிய சொக்கலேட் பிஸ்கட். கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஆனால் நாங்கள் வெள்ளிக்கிழமைக்காகவே எழுதினோம். படத்துக்காக எழுதவில்லை. நல்ல படத்தைப் பற்றிப் பகிடி எழுத முடியாது. ஆகவே படம் கெட்டதாக இருப்பது எங்களுக்குத் தேவைப்பட்டது.

இரண்டு வருடம் எனக்கு அந்தப் பிஸ்கட் கிடைக்கவில்லை. என் வரிகளைக் கச்சேரிக் கடிதம் போல எழுதுகிறேன் என்று ஒருத்தி சொன்னாள். அவர்கள் சிரிக்கும்போது நானும் அரை நொடி பிந்திச் சிரிப்பேன். எதற்குச் சிரித்தார்கள் என்று பஸ்ஸில் போகும்போதுதான் விளங்கும். எனக்கு அந்தப் பிஸ்கட் வேண்டியிருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

எண்பத்தெட்டு தொடக்கத்தில் ஒருநாள் ஒரு விண்வெளித் தொடரின் நாலாவது, கடைசிப் பகுதி என் மேசைக்கு வந்தது. இரண்டு சுருள், கறுப்பு வெள்ளை. மணம் இல்லை. முதல் சுருளில் மூன்று ஒட்டு, இரண்டாவதில் கிழிசல் இல்லை, கீறல் இல்லை. பார்வை மேசையில் இரட்டை வேகத்தில், சத்தமில்லாமல் ஓடவிட்டேன். ரப்பர் முதலைத் தலை போட்ட சில பேர் ஒரு கப்பலிலிருந்து இறங்கினார்கள். என் கண் ஓரத்தில் இருந்தது. மனம் வெள்ளிக்கிழமையில் இருந்தது. அட்டையைத் திருப்பி ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் அது இவ்வளவுதான்: 'வேற்றுக் கிரகத்து முதலைகள் வருகின்றன, போகின்றன. போகும்போது இந்தச் சுருளையும் கொண்டுபோயிருக்கலாம்.' பக்கத்தில் சி.

வெள்ளிக்கிழமை விட்லொக் அதை வாசித்தார். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மற்றவர்கள் மேசையில் தட்டினார்கள். கச்சேரிக் கடிதம் என்றவள் என் தோளைக் கட்டிப்பிடித்தாள். விட்லொக் டின்னை இரண்டு கையாலும் ஏந்தி எனக்கு நீட்டினார். அன்று இரவு இவரிடம் மூன்று தரம் அந்தக் கதையைச் சொன்னேன். இரண்டு கிழமையில் லொறி வந்து போனது.

ஐந்து வருடம் கழித்து இல்ஃபோர்டில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம். சாப்பாட்டு மேசையில் யாரோ நான் தொலைக்காட்சிப் படக்களஞ்சியத்தில் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டதும் எதிரே இருந்த ஒரு பெரியவர் கதிரையை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். நேரான முதுகு, நல்ல குரல். நவரத்தினம் என்று பெயர் சொன்னார். ஐம்பதுகளில் சட்டம் படிக்க வந்து, சோதனையில் தவறி, பஸ்ஸில் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பிள்ளை, நான் நடிச்சுமிருக்கிறன்," என்றார். "அந்தக் காலத்தில எங்கட நிறத்துக்குக் கிடைக்கிற வேஷம் தெரியும்தானே. ஹோட்டல் வேலைக்காரன், பாம்பாட்டி, ஒட்டகக்காரன். ஒருக்கா மட்டும் ராசா வேஷம். முதலையளின்ர ராசா."

நான் பாயாசக் கிண்ணத்தை மேசையில் வைத்தேன்.

அவர் சொல்லிக்கொண்டே போனார். "மூண்டு கிழமை ரப்பர் தலைக்குள்ள கிடந்தனான். மூச்சு விட ஏலாது. நாலாவது பகுதியில, கடைசிக் காட்சியில, தலையைக் கழட்டிப்போட்டு என்ர முகத்தோட பேசவேணும். பன்னிரண்டு வரி. நான் நல்லாச் செய்தனான் பிள்ளை. விளக்குப் பிடிச்சவங்கள்கூடக் கை தட்டினவங்கள். ஆனா வெளிய வரேக்க ஒருத்தன் சொன்னான், நேரம் கூடிப்போச்சு, உன்ர காட்சி வெட்டுப்படும் எண்டு. படம் காட்டின அண்டைக்கு எனக்குப் பஸ்ஸில ஷிப்ட். வீட்டுக்காரக் கிழவியிட்டைப் பாக்கச் சொன்னனான். அவ, முதலையைக் கண்டன், உன்னைக் காணேல்லை எண்டா. அவ இடையில தேத்தண்ணி போட எழும்பினவவோ, இல்லை மெய்யாவே வெட்டினவங்களோ, எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது."

"திரும்பக் காட்டேல்லையோ, ஐயா?"

"இல்லை. என்னட்டை இருக்கிறது ஒரு படம். அதிலயும் முதலைத் தலைதான். என்ர மகள் என்னை முதலை அப்பா எண்டு பகிடி பண்ணுறவள். சும்மாதான். ஆனா அவளுக்கு ஒருக்கா என்ர முகத்தைக் காட்டவேணும். வெட்டிப்போட்டாங்கள் எண்டாலும் பரவாயில்லை. இருந்ததோ இல்லையோ எண்டு தெரிஞ்சாப் போதும்."

பார்த்துச் சொல்லுகிறேன் என்றேன். அந்த மேசையிலேயே எனக்குத் தெரியும், பார்க்க ஒன்றுமில்லை என்று. ஆனாலும் வாய் அப்படித்தான் சொல்லியது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, எறிந்தவற்றின் அட்டைகள் வைத்திருக்கிற பச்சை இரும்பு இழுப்பறையைத் திறந்தேன். வரிசைப்படி இருந்தது. என் கையெழுத்து, என் சி, கீழே விட்லொக்கின் கையெழுத்து, மேலே சிவப்பு முத்திரை. வேறு பிரதி உண்டா என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. பெரிய பதிவேட்டை நானே எடுத்துப் பார்த்தேன். மற்ற மூன்று பகுதிக்கும் பிரதி இருந்தது. நாலாவதுக்கு இல்லை. உலகத்திலேயே இருந்த ஒன்று என் மேசைக்கு வந்து போயிருக்கிறது.

அட்டையை விட்லொக்கிடம் கொண்டுபோனேன். தேநீர் நேரம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

"இந்தக் கட்டம் ஏன் நிரப்பவில்லை?" என்று கேட்டேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். முகம் மலர்ந்தது. "அடடா, முதலைகள்! மாலா, அந்த வருடத்திலேயே சிறந்த வரி இதுதான்." நான் தடுக்க முன்பு அதை அந்தப் பழைய குரலில் வாசித்தும் விட்டார். புதிய பெண்கள் இருவரும் சிரித்தார்கள்.

"இதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நடித்திருக்கிறார்," என்றேன்.

"அப்படியா? என்ன வேடம்?"

"முதலை."

மறுபடி சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "இதோ பார், உன்னை ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. அது குப்பைதான்."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் ஏன் பார்க்க வேண்டும்?" என்றார், மிகவும் அன்பாக. "நீதான் பார்த்தாயே."

அவர் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் பார்த்தேன். நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் சரிபார்ப்பார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் இடமே இல்லாமல் போயிற்று. அவர் இழுப்பறையிலிருந்து அச்சடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். 'தாங்கள் கேட்ட நிகழ்ச்சி எங்கள் சேமிப்பில் இல்லை என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம்.' பெயரை மட்டும் நிரப்பினால் போதும். இல்லை என்பது பொய்யல்ல. அதுதான் அந்தக் கடிதத்தின் கெட்டிக்காரத்தனம்.

மேசையில் இருந்த பிஸ்கட் டின்னைத் தூக்கி அப்படியே குப்பைத்தொட்டியில் கவிழ்த்தேன். "இதுவும் குப்பைதான். நான் பார்த்துவிட்டேன், நீங்கள் பார்க்கத் தேவையில்லை," என்றேன். விட்லொக் குரலை உயர்த்தவில்லை. கொஞ்சம் வெளியே போய்க் காற்று வாங்கி வா, மாலா என்றார். பிறகு எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது, டின்னுக்காக. படத்துக்காக எனக்கும் அவருக்கும் ஒன்றும் வரவில்லை.

அந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. சனிக்கிழமை பின்னேரம் ஹவுன்ஸ்லோவிலிருந்து இல்ஃபோர்டில் அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். நகரத்தின் ஒரு தொங்கலிலிருந்து மறு தொங்கலுக்குப் பயணம். எப்படிச் சொல்வது என்று வழி முழுக்க யோசித்தேன். தீப்பிடித்தது என்று சொல்லலாம். வெள்ளம் வந்தது என்று சொல்லலாம். கடைசியில் அவர் கதவைத் திறந்ததும், கால் சப்பாத்தைக் கழற்ற முன்பே சொல்லிவிட்டேன்.

"ஐயா, உங்கட படம் இல்லை. எறிஞ்சாச்சு. எறியச் சொல்லி எழுதினது நான்."

அவர் கதவைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "உள்ள வாங்கோ," என்றார்.

முன்னறையில் இருவரும் உட்கார்ந்தோம். சுவரில் அந்தப் படம் சட்டத்துக்குள் இருந்தது. ரப்பர் முதலைத் தலை, நீண்ட அங்கி, கையில் ஒரு கோல். யாராகவும் இருக்கலாம். அவர் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

"எறிய முதல் பாத்தனீங்களோ?" என்றார்.

"ஓம்."

அவர் கதிரை நுனிக்கு வந்தார். கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சம். "அப்ப உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கோ பிள்ளை. கடைசியில நான் தலையைக் கழட்டினனானோ? என்ர முகம் வந்ததோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. படம் போய்விட்டது என்று சொல்லத்தான் ஆயத்தமாக வந்தேன். அந்தப் பகுதியைக் கடைசியாகப் பார்த்த ஆள் நான்தான் என்பது அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடி யோசித்தேன். கப்பல் வந்தது. முதலைகள் இறங்கின. பிறகு? இரண்டாவது சுருள், கிழிசல் இல்லை, கீறல் இல்லை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எழுதிய பொய் ஒன்று ஏற்கெனவே இருக்க, அதன் மேல் இன்னொன்றை வைக்க எனக்குத் துணிவில்லை.

"தெரியேல்லை, ஐயா. இரட்டை வேகத்தில, சத்தமில்லாமல் ஓட விட்டனான். நான் படத்தைப் பாக்கேல்லை. ஓரத்தைத்தான் பாத்தனான்."

"ஓரத்தையோ?"

"கிழிசல் இருக்கோ எண்டு."

"இருந்ததோ?"

"இல்லை. உங்கட சுருளில ஒரு கீறலும் இல்லை."

அவர் தலையை ஆட்டினார். பிறகு நான் எழுதியது என்ன என்று கேட்டார். அந்த வரியை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் மறக்கவில்லை. படம் மறந்துவிட்டது, பகிடி மறக்கவில்லை. அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"நல்ல இங்கிலிஷ்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் எழுந்தார். சின்ன மேசையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். இடுப்பில் இருந்த சாரத்தை இறுக்கிக் கட்டினார். இரண்டு கையையும் கழுத்தடியில் கொண்டுபோய், பாரமான எதையோ மெல்ல மேலே தூக்கிக் கழற்றினார். கழற்றியதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வியர்த்தவர் போல முகத்தை ஒருமுறை துடைத்தார். பிறகு பேசினார். ஆங்கிலத்தில், எங்கள் ஊர் உச்சரிப்பு ஒரு பொட்டும் மறைக்காமல்.

"எங்கள் ஆறுகள் வற்றிவிட்டன. நாங்கள் எதையும் எடுத்துக்கொண்டு போக வரவில்லை. இருக்க ஓர் இடம் கேட்டு வந்தோம். நீங்கள் எங்கள் தலையைப் பார்த்தீர்கள், கதவைச் சாத்தினீர்கள். இந்தத் தலை எங்களுடையதல்ல. உங்கள் காற்று எங்களைச் சுடும் என்று போட்டுக்கொண்டு வந்தது. இப்போது கழற்றிவிட்டேன். சுடுகிறது. இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், போ என்று."

இன்னும் சில வரி இருந்தது. முப்பது வருடமாக ஒன்றையும் மறக்கவில்லை. எங்கே மூச்செடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுகூட மறக்கவில்லை. நான் பார்த்தேன். அவர் முகத்தையே பார்த்தேன். கடைசிச் சொல்லில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. அது நடிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் முடித்தார். அப்போதுதான் அறை வாசலில் அவருடைய மகள் நிற்பதைக் கண்டேன். இருபத்தைந்து வயதிருக்கும். வேலையால் வந்தவள், தோளில் பை, கையில் வீட்டுச் சாவி. எப்போது வந்தாளோ, கதவு திறந்த சத்தமே எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் பையை இறக்கிவைத்துவிட்டு, தலையைச் சரித்துத் தகப்பனைப் பார்த்தாள்.

"முதலை அப்பா," என்றாள். "நல்லா இருக்கு. ஆனா கடைசியில கொஞ்சம் ஓவர்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, அவ்வளவு கோபம். முன்பின் தெரியாத வீடு, முன்பின் தெரியாத பிள்ளை. "வாயைப் பொத்து!" என்று கத்திவிட்டேன். "உனக்கென்ன தெரியும்? ஒரு மனிசன் முப்பது வருசமாச் சுமந்துகொண்டு திரிஞ்சதை ஒரு சொல்லில தூக்கி எறியிறியே!"

நவரத்தினம் ஐயா கக்கத்தில் இடுக்கியிருந்த அந்த இல்லாத தலையைக் கதிரையில் மெல்ல வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அவளை ஏன் பிள்ளை ஏசுறீங்கள்?" என்றார். "அவள் பாத்திட்டுத்தானே சொல்லுறாள்."